ஜூனில் விதைத்த பழைய சம்பா ஏன் இன்னும் கதிர் வாங்கவில்லை?

கேள்வி: உறவினர் வீட்டிலிருந்து பழைய சம்பா விதைநெல் வாங்கி, பம்புசெட் தண்ணீரில் ஜூன் முதல் வாரம் நாற்று விட்டு நட்டேன். இப்போது செப்டம்பர் கடைசி. பக்கத்து வயலில் ஆடுதுறை 43 அறுத்தாயிற்று. என் பயிர் இடுப்புயரம் வளர்ந்து பச்சைப்பசேலென்று நிற்கிறது, கதிரைத்தான் காணோம். யூரியா போடட்டுமா, உழுதுவிடட்டுமா? (திருவாரூர் மாவட்ட விவசாயி)

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. விதையிலும் கோளாறு இல்லை, உங்கள் உழைப்பிலும் குறை இல்லை. உங்கள் நெல் இரவு நீளுவதற்காகக் காத்திருக்கிறது.

ஆடுதுறை 43 நாள் கணக்கில் நடக்கும் ரகம். விதைத்து 110 நாள் வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். பழைய சம்பா அப்படியில்லை, பகல் குறைந்தால்தான் பூக்கும். உங்கள் பக்கம் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பர் கடைசியில் சுமார் பதினொன்றரை மணி. இந்த ஒன்றேகால் மணி நேரத்தை நாம் கவனிப்பதில்லை, நெல்லின் இலை கவனிக்கிறது.

இலையில் ஹெச்டி1 என்றொரு மரபணு இருக்கிறது. பகல் நீண்டிருக்கும்வரை அது ஹெச்டி3ஏ என்ற இன்னொரு மரபணுவை அடக்கி வைக்கும். பகல் குறுகியதும் அதே ஹெச்டி1 தலைகீழாக மாறி அதைத் தூண்டிவிடும். ஹெச்டி3ஏ உண்டாக்கும் புரதம் இலையிலிருந்து தண்டின் குருத்து நுனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே இலைக்குப் பதில் கதிர் உருவாகத் தொடங்கும். பூக்கவைக்கும் பொருள் இலையில்தான் பிறக்கிறது என்று சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் 1930களிலேயே சொன்னார். நெல்லில் அந்தப் பொருள் இந்தப் புரதம்தான் என்று ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டியது 2007இல். எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது.

வயலோரம் தெருவிளக்கு இருந்தால் கவனியுங்கள். வெளிச்சம் விழும் இடத்துப் பயிர் மற்றதைவிடப் பிந்தித்தான் கதிர் வாங்கும். நடு இரவில் சில நிமிடம் வெளிச்சம் பட்டாலே ஹெச்டி3ஏ அடங்கிப்போகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. யூரியாவைத் தொடாதீர்கள். இந்த உயரத்தில் தழைச்சத்து கூடினால் வடகிழக்குப் பருவமழையில் பயிர் மொத்தமாகச் சாய்ந்துவிடும், எனக்குப் பெரிய கவலை அதுதான். ஐப்பசி பிறந்ததும் வாரம் ஒருமுறை நாலைந்து தூரில் தாய்த்தண்டைப் பிடுங்கி, அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பஞ்சு போல வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தால் கதிர் உருவாகிவிட்டது. மேலுரம் அப்போது போடுங்கள், பொட்டாஷும் சேர்த்துக் கொஞ்சமாக. இலை மிக அடர்ந்திருந்தால் நுனியை அறுத்து மாட்டுக்குப் போடலாம், ஆனால் அந்த வெள்ளை நுனி தெரிவதற்கு முன்பே. அதற்குப் பிறகு அரிவாள் வைத்தால் கதிரே போய்விடும்.

நுனி தெரிந்து மூன்று நான்கு வாரம் ஆகும் கதிர் வெளிவர. கார்த்திகையில் பூத்துத் தை வாக்கில் அறுக்கலாம். அதுவரை தண்ணீர் கொடுக்க முடியும் என்றால் பயிரை விட்டுவையுங்கள். அடுத்த வருடம் இதே விதையை ஆவணியில் விடுங்கள். அப்போதும் ஏறக்குறைய தையில்தான் அறுப்பீர்கள், இரண்டு மாதத் தண்ணீரும் களைக்கூலியும் மிச்சம்.