வாப்பாவோட பத்மினிய எங்க இருந்து ஆரம்பிக்கிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு சொந்த ஊர் கீழக்கரை, இப்ப வேலைக்காக சென்னையில இருக்கேன். வாப்பா (அப்பா) மௌத்தாகி ஒரு வருஷம் ஆச்சு. அவங்க வச்சிருந்த பிரீமியர் பத்மினி கார், 1987 மாடல், வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல மூணு வருஷமா நிக்குது. காக்கா, அதான் என் கூடப்பிறந்த அண்ணன், பழைய இரும்புக்குப் போட்றலாம்ங்கிறாங்க, எனக்கு மனசு வரல. ஒரு மெக்கானிக் வந்து பாத்துட்டு புது பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சிரலாம், பெயின்ட் அடிச்சா வண்டி புதுசாயிடும்னு சொன்னார். நீங்க உங்க பத்மினிய 27 வருஷமா நீங்களே பாத்துக்கிறதா எழுதியிருந்தீங்க. இந்த உப்புக்காத்துல அது எப்படி முடியுது? நான் ஸ்பானர் பிடிச்சதே இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

அன்புள்ள தங்கச்சி,

மொதல்ல அந்த பேட்டரிய மாட்ட விடாதீங்க. மூணு வருஷம் நின்ன இஞ்சின்ல சிலிண்டர் உள்பக்கம் எண்ணெய்ப் பசையே இருக்காது, பிஸ்டன் ரிங்கு துருவுல ஒட்டியிருந்தாலும் இருக்கும், அந்த நேரத்துல செல்ஃப் அடிச்சா நல்லா இருந்த இஞ்சினும் கீறல் விழுந்து போயிரும். இஞ்சின் அவசரமே இல்ல. பெயின்ட் அதுக்கும் கடைசி.

நீங்க ஆரம்பிக்க வேண்டியது வண்டிக்கு அடியில. பத்மினிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். தரைத் தகடும் ரெண்டு பக்கம் கதவுக்குக் கீழ ஓடுற பெட்டியும்தான் மொத்த பாரத்தையும் தாங்குது. அது போச்சுன்னா இஞ்சின் எவ்வளவு நல்லா இருந்தாலும் வண்டி இல்ல. அதனால இந்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஒரு பழைய பாய், இது மூணும் போதும். உள்ள கால் வைக்கிற இடத்துல ரப்பர் மேட்ட தூக்குங்க, கீழ இருக்கிற தகட்ட அழுத்திக் குத்துங்க. டங்குன்னு சத்தம் வந்தா இரும்பு இருக்குன்னு அர்த்தம், சத்தமே இல்லாம பிஸ்கட்டுல குத்தின மாதிரி இறங்கினா அந்த இடம் போயிருச்சு. அப்புறம் ஜாக்கி வைக்கிற இடம், பின்னாடி பட்டா ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், பேட்டரி உக்கார்ற தட்டு, கடைசியா டிக்கி. வாப்பா எப்பவாவது டிக்கியில மீன் பெட்டி, நண்டுப் பெட்டி ஏத்தியிருந்தா அங்க நல்லா பாருங்க, ஐஸ் கரைஞ்ச மீன் தண்ணி கடல் தண்ணிய விட மோசம், மேட்டுக்கு அடியில தேங்கி மாசக்கணக்குல காயாது. அடியில படுக்கிறதுன்னா ஜாக்கிய மட்டும் நம்பிப் படுக்காதீங்க, நல்ல தரையில ஸ்டாண்டு குடுத்து, டயருக்கு கல்லு வச்சு, பக்கத்துல ஒரு ஆள நிக்க வச்சுட்டுதான்.

எப்படி முடியுதுன்னு கேட்டீங்க. நம்ம கடற்கரையில வண்டி கிலோமீட்டரால சாகிறதில்ல தங்கச்சி, உப்பாலதான் சாகுது, அதுவும் ஓடுற வண்டிய விட நிக்கிற வண்டிதான் சீக்கிரம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆளுங்க இரும்பு எவ்வளவு வேகமா துருப்பிடிக்குதுன்னு பாக்கிறதுக்கு மண்டபத்துலதான் தகட்ட வெளியில வச்சு சோதனை பண்றாங்க, அப்படின்னா நாம எந்த மாதிரி இடத்துல இருக்கோம்னு பாத்துக்கங்க. ஆனா அதே காத்துலதான் 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷம் தாண்டி நின்னுச்சு, ஓயாம சுரண்டி பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்ததால நின்னுச்சு. நான் பண்றதும் அவ்வளவுதான். மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள், கரையில போட்டெல்லாம் ஏத்தி வச்சு சுரண்டுவாங்க பாருங்க, நானும் அந்த மாசத்துலதான் என் வண்டிய தூக்கி வச்சு அடிய சுரண்டுவேன், வெயில் காஞ்சு கிடக்கும், மெட்டல்ல ஈரம் இருக்காது. கம்பி பிரஷ் போட்டு இரும்பு வெள்ளையா தெரியிற வரைக்கும் தேய்க்கணும், பொட்டு பொட்டா மிச்சம் நிக்கிற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர், அது காஞ்சதும் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, அதுக்கு மேலதான் பெயின்ட். துருவுக்கு மேலயே தார் பூசி விடுற ஆளுங்ககிட்ட வண்டிய குடுத்துராதீங்க. நான் வாங்கின புதுசுல ஒரு ஷாப்புல அப்படிப் பூசிக் குடுத்தாங்க, பாக்கிறதுக்கு கருகருன்னு அழகா இருந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு டிரைவர் சீட்டுக்குக் கீழ தார் மட்டும்தான் இருந்துச்சு, இரும்ப காணோம். ஈரத்த உள்ள வச்சு மூடிட்டா அது வெளிய வர வழியில்லாம தகட்டையே தின்னுரும்.

இன்னொரு விஷயம், இது காசே செலவில்லாதது. ஒவ்வொரு கதவுக்கும் கீழ் விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், கண்ணாடி வழியா உள்ள இறங்குற மழைத்தண்ணி வெளிய போறதுக்கு. நம்ம ஊர் காத்துல மணல் பறந்து அது அடைச்சுக்கும். ஒரு தென்னை ஈர்க்க எடுத்து குத்தி விடுங்க, மொதல்ல ஈர மண்ணு பொடியா விழும், அப்புறம் கறுப்புத் தண்ணி சொட்டும், சில சமயம் ஒரு டம்ளர் அளவுக்குக் கூட. வாடைக்காத்து முடிஞ்சதும் ஒரு தடவை, கச்சான் காத்து முடிஞ்சதும் ஒரு தடவை நான் இத பண்ணுவேன். இந்த 27 வருஷத்துல நான் கதவுக்கு அடி பாட்ச் போட்டதே இல்ல.

கழுவுறதும் முக்கியம், ஆனா எந்தத் தண்ணியிலங்கிறது அத விட முக்கியம். தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்து வீட்டு போர் தண்ணியில கழுவினா உப்ப உப்பால கழுவுற கதைதான். குழாய்ல வர்ற காவிரி தண்ணியோ மழைத்தண்ணியோ ரெண்டு குடம் இருந்தா போதும், அத மேல ஊத்தாதீங்க, வீல் ஆர்ச்சுக்குள்ளயும் அடியிலயும் அடிங்க, மேல ஈரத்துணி போதும். ரேடியேட்டர் விஷயத்துலயும் இதேதான். பத்மினியோட 1089 சிசி இஞ்சினுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், உப்புத்தண்ணி ஊத்தினா அலுமினியம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும். நான் அவசரத்துக்கு கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டி, ராமநாதபுரம் போற வழியில உச்சிப்புளி தாண்டி வெள்ளைப் புகையோட நின்னேன். ஹெட்ட கழட்டிப் பாத்தா தண்ணி போற ஓட்டையோட ஓரம் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு, கேஸ்கெட் உக்கார இடமே இல்ல. அன்னைல இருந்து டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான்.

தரை நல்லா இருந்து இஞ்சினுக்கு வந்தா, நாலு பிளக்கையும் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விட்ருங்க. மறுநாள் நாலாவது கியர்ல போட்டு ரெண்டு பேரா வண்டிய முன்ன பின்ன மெதுவா ஆட்டுங்க, ஃபேன் பெல்ட்டு நகர்ந்தா இஞ்சின் சுத்துதுன்னு அர்த்தம், அந்த நிமிஷம் உங்களுக்கே தெரியும் எவ்வளவு சந்தோஷம்னு. நகரலைன்னா பலம் காட்டாதீங்க, இன்னும் ஆயில் விட்டு இன்னும் ரெண்டு நாள் விடுங்க. டேங்க்ல கிடக்கிற பழைய பெட்ரோல மொத்தமா இறக்கிருங்க. இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வச்சு கெடுக்கும், அதனால பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் ரெண்டையும் எத்தனால் தாங்குறதா கேட்டு மாத்திருங்க. நீங்க சென்னையில இருக்கிறதால புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்க பக்கம் போய்ப் பாருங்க, பத்மினி தயாரிப்பு நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அங்க கிடைக்கிறத இப்பவே வாங்கி வச்சுக்கங்க. கார்ப்பரேட்டர மட்டும் நீங்களே கழட்டிக் கழுவுங்க, அதுக்குள்ள பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை இருக்கிற ஜெட்ட கம்பியால குத்தாதீங்க, பெட்ரோல்ல ஊற வச்சு ஊதினா போதும்.

பிரேக்குல மட்டும் கத்துக்கிறேன்னு தனியா இறங்க வேணாம். நாலு வீலும் டிரம், மூணு வருஷம் நின்னதுல பிரேக் ஆயில் ஈரத்த இழுத்து வீல் சிலிண்டர் உள்ள துருப்பிடிச்சிருக்கும். பத்மினிக்கு மூலமான பழைய ஃபியட் தெரிஞ்ச வயசான மெக்கானிக் ஒருத்தர பக்கத்துல வச்சுக்கிட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்க பண்ணுங்க. எனக்கு கத்துக்குடுத்தவரும் அப்படித்தான், தன் கையால ஒரு நட்டக் கூட தொடமாட்டார்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஆர்சி புக்க எடுத்து தேதி பாருங்க, வாப்பா பேர்ல இருந்து மாத்தவும் வேணும். 15 வருஷம் தாண்டின காருக்கு ரினிவல் ஃபீஸ் 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5000 ரூபாயாச்சு, 20 வருஷம் தாண்டினதுக்கு அதுக்கப்புறம் இன்னும் கூட்டிட்டாங்க. அந்தக் காச தனியா ஒதுக்கி வச்சுட்டு மத்த செலவ கணக்குப் போடுங்க. காக்காகிட்ட ஒரே ஒரு மாசம் மட்டும் டைம் கேளுங்க.

ஸ்க்ரூ டிரைவர் எந்தெந்த இடத்துல இறங்குச்சுன்னு ஒரு பேப்பர்ல வண்டிய வரைஞ்சு புள்ளி வச்சு அனுப்புங்க. ஜாக்கி பாயின்ட் நாலும் நின்னா மத்தத அடுத்த கடிதத்துல விவரமா எழுதுறேன்.

அன்புடன்,
அண்ணன்