பேஸ்மென்ட் தரையில் பழைய பசை: முதலில் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: பழைய வீட்டின் பேஸ்மென்டில் கார்ப்பெட்டையும் டைல்ஸையும் பெயர்த்துவிட்டோம். கான்கிரீட் தரையில் ஒருபக்கம் மஞ்சள் பசை, மறுபக்கம் கறுப்புப் பசை. எபாக்ஸி (தரைக்கான கெட்டியான பிசின் பூச்சு) பூச ஆசை. தின்னர் ஊற்றித் தேய்த்தால் போய்விடுமா?

பதில்: தின்னர் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். தின்னர் பசையைக் கரைத்து அந்தத் துளைகளுக்குள்ளேயே இறக்கிவிடும். பார்வைக்குத் தரை சுத்தமாகத்தான் தெரியும். பூசிய எபாக்ஸியோ பிடிமானமின்றி ஏடு ஏடாக உரிந்து வரும். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பது இன்னும் பெரிய ஆபத்து. அது தரையோடு தேங்கி நிற்கும். பக்கத்தில் கேஸ் ஹீட்டரின் சிறு சுடர் இருந்தாலே தீப்பற்றிவிடும்.

கறுப்புப் பசையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அது தார் கலந்த பசை. 1980-களுக்கு முன் போட்ட தரை என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) இருக்க வாய்ப்புண்டு, டைல்ஸிலும் இருக்கலாம். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பசையை ஈரமாக்கி ஒரு சிறு துணுக்கை எடுத்து, இறுக மூடும் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை உலர்வாகச் சுரண்டுவது, பெருக்குவது, கிரைண்டர் ஓட்டுவது எதுவும் கூடாது. இருப்பது உறுதியானால், அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். அல்லது கிளறாமல் மேலே மூடிவிடுங்கள்.

மஞ்சள் பசை பெரும்பாலும் கார்ப்பெட் பசை. ஒரு சதுர அடியில் பழைய துணியை விரித்துக் கொதிநீர் ஊற்றி, 15 நிமிடம் விடுங்கள். இளகினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: நீளக் கைப்பிடியுள்ள 4 அங்குல ஸ்கிரேப்பரால் வழித்தெடுக்கலாம். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு பசையை வழிக்காது, இழுத்துப் பூசும். பசை ஆறினால் மறுபடி இறுகிவிடும் என்பதால் சிறு சிறு பகுதியாகவே செய்யுங்கள்.

இளகாவிட்டால் வைரப்பல் சக்கரம் பொருத்திய கிரைண்டர்தான். ஆனால் தடித்த பசை மேல் அதை ஓட்டினால் சூட்டில் உருகிப் பற்களை அடைத்துவிடும். அதனால் முடிந்தவரை சுரண்டி, மெல்லிய படலமானபின் ஓட்டுங்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவம் கிளீனரைக் கிரைண்டரோடு இணைப்பதும், தூசியைத் தடுக்கும் சுவாசக் கவசம் அணிவதும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

கடைசியில் நாலைந்து இடங்களில் தண்ணீர்ச் சொட்டு விடுங்கள். முத்தாக நின்றால் பசை மிச்சம் இருக்கிறது. உறிஞ்சினால் தரை தயார். அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்: 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரத்தடமோ தெரிந்தால், அதைச் சரிசெய்யாமல் எபாக்ஸி பூசாதீர்கள்.

கேள்வி: ஆசிட் ஊற்றிக் கழுவினால்?

பதில்: ஆசிட் சிமென்டைத்தான் அரிக்கும், பசையை அல்ல. பசை இருக்கும் இடத்தில் ஆசிட் கான்கிரீட்டைத் தொடக்கூட முடியாது.

கேள்வி: எபாக்ஸியை விட்டு, ஒட்டாமல் பொருத்தும் வினைல் பலகை போட்டால் பசை முழுவதும் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் பசையின் மேடுகளை மட்டும் வழித்துச் சமமாக்கினால் போதும். கறுப்புப் பசையின் மேல் வினைல் நேரடியாகப் படக்கூடாது. தாரின் கறை ஊறி மேலே வந்துவிடும். இடையில் ஒரு தடுப்பு விரிப்பு போடுங்கள்.