கொல்லிமலையில் சரிவு நிலத்துக்கு எந்தச் சாமை ரகம் நல்லது?

மரவள்ளியை விட்டுவிட்டு ஒரு ஏக்கர் சரிவுக்காட்டில் மானாவாரியாகச் சாமை போடப் போகிறீர்கள், அதிக விளைச்சல் தரும் ரகம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் கேட்பது வேறு: அறுத்த கதிரை எந்த மாதம், எங்கே காயவைப்பீர்கள்?

இதை யோசிக்காமல் நானே ஒரு வருஷம் மாட்டிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் நீண்ட நாள் சாமை விதைத்திருக்க, நான் மட்டும் 80 நாளில் வரும் கோ 4 என்ற சாமை ரகத்தை வாங்கி ஆனிக் கடைசியில் தூவினேன். பயிர் அருமையாக வந்தது. ஆனால் புரட்டாசி அடைமழையில் முற்றியது. பாறைக்களம் காயவே இல்லை. குவித்து வைத்த கதிர் சூடேறி முளைவிட்டது. போதாததற்கு, அக்கம்பக்கத்தில் வேறெங்கும் மணி பிடிக்காததால் குருவிகளெல்லாம் என் காட்டில்தான் பந்தி. விதையைக் குறை சொல்லமாட்டேன். நான் நாள் கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைப் பெருஞ்சாமை மாதிரி நீண்ட நாள் ரகத்தை அதே சமயம் விதைத்தால் மழை ஓய்ந்து வெயில் வரும்போது அறுவடை. கூடவே ஆமணக்கும் கடுகும் போடலாம். குறுகிய நாள் கட்டவெட்டிச் சாமையும் மலையில் உண்டு. எங்கள் வீட்டில் அதை வீட்டோரம் கொஞ்சமாகத்தான் விதைப்பார்கள், குதிர் காலியாகும் மாதத்துக்குக் கஞ்சிக்கு ஆகும் என்று. ஒரு ஏக்கரும் அதையே போட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்காகப் புது ரகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019-இல் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து வந்த ஏ.டி.எல். 1 சாமை 85-90 நாள் பயிர். மழை பிந்திப்போன வருஷத்தில், நீண்ட நாள் ரகம் பால் பிடிக்கும்போது ஈரம் தீர்ந்துவிடும். அப்போது இதுதான் கைகொடுக்கும். ஆனால் பிந்தி விதைத்தால் இளம்பயிரின் குருத்தைக் காயவைக்கும் குருத்து ஈ அதிகம் வரும், கவனம்.

மண்ணையும் பாருங்கள். மரவள்ளி பல வருஷம் நின்ற இடம் என்றால் மேல்மண் பெரும்பாலும் கரைந்திருக்கும். சரளை தெரியும் மேல்பகுதிக்குச் சாமைதான் சரி. கீழே மண் ஆழமாகத் தேங்கிய பகுதியில் கேழ்வரகு போட்டால் இன்னும் நன்றாக வரும். மாடு இருந்தால் தாள் உயரமாக வரும் ரகமாகப் பாருங்கள். காற்றடிக்கும் முகடாக இருந்தால் அந்த உயரமே சாய்த்துவிடும்.

முதல் வருஷம் முக்கால் ஏக்கரில் பக்கத்துக் காட்டுக்காரர் போடும் ரகத்தையே, அவரிடமே விதை வாங்கி, அவர் விதைக்கும் வாரத்திலேயே போடுங்கள். மீதிக் கால் ஏக்கரில் புது ரகத்தைத் தூவிப் பாருங்கள். ஏக்கருக்கு 4-5 கிலோ விதை போதும்.

அப்புறம், உமி நீக்கும் மில் எவ்வளவு தூரம் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள். உரலில் குத்துவது வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். எங்கள் அம்மா மரவள்ளிக்கு மாறச் சொன்னதே அதனால்தான்.