காலில் மறுபடியும் ரத்தம் உறைவது ஏன்? கேள்வி பதில்

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: அண்ணனுக்கு 34 வயது. இடது காலில் ரத்தம் உறைந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். நிறுத்தியபின் இப்போது வலது காலில். வீட்டில் யானைக்கால் என்கிறார்கள், டாக்டர்.

உங்கள் பக்கம் யானைக்கால் நெடுங்காலம் இருந்ததால் கால் வீங்கினாலே அந்தப் பயம்தான் வருகிறது. ஆனால் அது மெல்ல மெல்ல வீங்கும். ரத்தம் உறைந்தால் பெரும்பாலும் சில நாளிலேயே ஒரு கால் வீங்கி, கெண்டைச் சதை வலிக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இந்த வயதில், அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ இல்லாமல் இரண்டாம் முறை வந்தால், ரத்தத்தில் கோளாறு உண்டா என்று தேடத்தான் வேண்டும். உறைதலை அடக்கி வைக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருக்கலாம்.

மன்னார்குடி அம்மா ஒருவர்: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போதே டெஸ்ட் எடுத்தோம். புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறைவு. பிள்ளைகளுக்கும் பார்க்கணுமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. வார்ஃபரினே அந்த இரண்டையும் குறைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைக்கும், கர்ப்பம் புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கும். ரத்தம் உறைந்த புதிதில் எதையுமே நம்ப முடியாது. இப்படித் தவறான நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டால் ஒரு குடும்பமே பரம்பரை நோய் என்று கலங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதற்காக டெஸ்டுக்கென்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். காரணமின்றி இரண்டு முறை வந்தவருக்கு, டெஸ்ட் எப்படி வந்தாலும், மாத்திரை பெரும்பாலும் நீண்ட காலம் தொடரும்.

மயிலாடுதுறை: மகளுக்கு மூன்று முறை கரு கலைந்தது. இப்போது காலில் ரத்தம் உறைந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறாக இருக்கலாம். இது பிறவிக் குறை அல்ல, உடலின் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வருவது. டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். இந்தக் கோளாறுக்கு எடுக்கும் மூன்று டெஸ்டும் பாசிட்டிவ் என்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவாராக்சபான் போன்ற புது மாத்திரைகள் ஏற்றவை அல்ல, வார்ஃபரின்தான். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஆலோசனை கேளுங்கள், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அப்போது ஹெப்பாரின் ஊசியும் ஆஸ்பிரினும் கொடுப்பார்கள்.

திருவையாறு: வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையே கூடாதா?

கூடும். வாரத்துக்கு எவ்வளவோ, அதே அளவு எப்போதும் இருக்கட்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2 முதல் 3 வரை நிற்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான் கீரையைவிட ஆபத்து.