திபெத்தின் பழைய மலை நகரங்களுள் ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்கலாம்? அதன் இயற்கையும் இயல்பும் எப்படிப்பட்டவை?

லாசாவின் பெருமையைக் குறைக்காமலே, கியான்ட்சே என்று பதில் சொல்வேன். லாசா இன்று பெருநகரமாக விரிந்துவிட்டது. பொத்தாலா அரண்மனைக்கு எதிரிலேயே அகன்ற சாலையும் சதுக்கமும் வந்துவிட்டன. கியான்ட்சேயிலோ கோட்டை, மடாலயம், ஊர், வயல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த விதத்தைக் குன்றின் மேல் நின்று ஒரே பார்வையில் காண முடிகிறது.

நகரம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், நியாங் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இமயத்தின் மழைமறைவுப் பகுதி என்பதால் சுற்றியுள்ள மலைகள் மரமின்றிப் பழுப்பு நிறத்தில் நிற்கின்றன. ஆற்றுப் பாசனம் எட்டும் நிலம் மட்டும் கோடையில் பார்லியின் பச்சையும் கடுகுப் பூவின் மஞ்சளுமாக மாறிவிடுகிறது. பள்ளத்தாக்கின் நடுவே தனித்து எழும் பாறைக் குன்றின் மீது, திபெத்தியர் ஜோங் என்றழைக்கும் கோட்டை 14ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. லாசா, ஷிகாட்சே, சிக்கிம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் இங்கே கூடியதால், இக்குன்றைப் பிடித்தவர் கையில் வணிகமும் இருந்தது. திபெத்தின் கம்பளி கோவேறு கழுதைகளின் முதுகில் சிக்கிமை ஒட்டிய சும்பி பள்ளத்தாக்கு வழியாக, இன்றைய மேற்கு வங்கத்திலுள்ள காலிம்போங்கிற்கு இறங்கியது இந்தப் பாதையில்தான்.

அந்தச் செல்வம் எங்கே போனது என்பதற்கான விடை மடாலயத்தில் இருக்கிறது. சிற்றரசர் ரப்தென் குன்சாங் பாக், 1418இல் பெல்கோர் சோடே மடாலயத்தையும், 1427இல் அதன் வளாகத்திலேயே கும்பும் என்ற பெருந்தூபியையும் கட்டத் தொடங்கினார். திபெத்திய பௌத்தத்தின் சாக்கிய, கெலுக் முதலான வெவ்வேறு பிரிவுத் துறவிகள் ஒரே வளாகத்தில் வாழ்ந்தது திபெத்திலேயே அரிதான ஏற்பாடு. இந்நகரத்தின் பரந்த மனத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. கும்பும் திண்மையான தூபி அன்று; அடுக்கடுக்காகக் குறுகி உயரும் தளங்களைச் சுற்றிச் சிறு சிறு சன்னதிகள் இருக்கின்றன, அவற்றை வலமாகச் சுற்றிக்கொண்டே மேலேற வேண்டும். ஒவ்வொரு சன்னதியிலும் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. நேபாள நேவார் கலையின் சாயலையும் சீனச் சாயலையும் உள்வாங்கித் தனக்கென ஒரு முகத்தை அடைந்த திபெத்திய ஓவியத்தை இங்கே பார்க்கிறோம். வரைந்தவர்கள், பொருளுதவி செய்தவர்கள் ஆகியோரின் பெயர்களைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் வளாகத்தின் பல கட்டடங்கள் அழிந்தும், கும்பும் தப்பியது நம் காலத்தின் பேறு.

கோட்டையின் வரலாறு வேறு வகை. பிரான்சிஸ் யங்ஹஸ்பண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியா அனுப்பிய படை, 1904 ஜூலை 6 அன்று பீரங்கியால் மதிலில் பிளவு ஏற்படுத்தி இதைக் கைப்பற்றியது. அந்தப் பிளவை நோக்கிப் பாறையில் முதலில் ஏறியவர்களுள் ஒருவர் கூர்க்கா படையின் ஹவில்தார் கர்பீர் புன். யங்ஹஸ்பண்டின் படையில் சீக்கியரும் கூர்க்கர்களும் பெருமளவில் இருந்தார்கள் என்பதை அறிந்த இந்தியர் எவரும் அந்த மதிலைக் கனத்த மனத்துடன்தான் பார்க்க முடியும். அதன் பின் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இங்கே அமைந்த பிரிட்டிஷ் வணிக முகமை, விடுதலைக்குப் பின் இந்தியாவின் பொறுப்பில் இருந்து, 1954ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது.

கோட்டைக்கும் மடாலயத்துக்கும் இடையிலுள்ள பழைய தெருவில் அவசரமின்றி நடந்து பாருங்கள். வெள்ளையடித்த வீடுகள், கறுப்புப் பட்டையிட்ட சன்னல்கள், மதில் மேல் எரிபொருளுக்காக அடுக்கிய வறட்டிகள், வாசலில் கட்டிய மாடுகள் என்று இது இன்னமும் உழவர் வாழும் ஊர். 2014இல் திறந்த லாசா–ஷிகாட்சே ரயில் பாதை இவ்வூரைத் தொடாமல் போனதும் ஒரு வகையில் நன்மையே என்று கருதுகிறேன்.

ஆகவே லாசாவிலிருந்து சாலை வழியாகவே செல்லுங்கள். யாம்ட்ரோக் ஏரியின் கரையையும், 5,000 மீட்டர் உயரத்துக் கரோ கணவாயில் சாலையோரம் வரை தொங்கும் பனியாற்றையும் அப்போதுதான் காணலாம். வெளிநாட்டவருக்குத் திபெத் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். முதலில் லாசாவில் தங்கி உடலை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கும்பும் சன்னதிகள் இருண்டவை என்பதால், கையில் ஒரு டார்ச் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது.