வீடியோவில் சொன்னது உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா?

என் மகளுக்கு ஐந்து மாதம். இதயத்தில் ஓட்டை என்று எக்கோவில் (இதய ஸ்கேனில்) சொன்னார்கள். தானாக மூடிக்கொள்ளும், ஆபரேஷன் வேண்டாம் என்று யூடியூபில் ஒரு டாக்டரே சொல்கிறாரே? (கோத்தகிரி)

அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் மகளின் எக்கோவை அவர் பார்க்கவும் இல்லை. கீழறைகளுக்கு நடுவே தசைப் பகுதியில் இருக்கும் சிறிய ஓட்டைகள் பலவும் முதல் ஓரிரு வருடங்களில் தானாக மூடிவிடும், அது உண்மை. பெரிய ஓட்டை என்றால் கதையே வேறு: நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாயும், பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது, அப்படியே வருடக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தடித்துப்போய் ஆபரேஷனே செய்ய முடியாத நிலைகூட வரலாம். ஓட்டை எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மூடுகிற வகையா, அடுத்த எக்கோ எப்போது?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

காலைக் குளிரில் பையனின் கை, கால் நீலமாகிறது. நீலம் என்றாலே இதய நோய் என்கிறது ஒரு வீடியோ. (ஊட்டி)

நம் ஊர்ப் பனியில் பல குழந்தைகளுக்கு விரல்கள் நீலம் பாயும், சூடாக்கினால் சரியாகிவிடும். பார்க்க வேண்டியது நாக்கும் உதட்டின் உள்பக்கமும். அங்கே நீலம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் வைத்திருந்தால் கையை நன்றாகச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள், குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சமவெளிக்காரர் வீடியோவில் சொல்லும் 98, 99 இங்கே எல்லாக் குழந்தைக்கும் வராது.

ருமாட்டிக் காய்ச்சலுக்கு மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. பூண்டும் மருதம்பட்டையும் போதும், ஊசியை நிறுத்தலாம் என்று வாட்ஸப்பில் வந்தது. (கூடலூர்)

நிறுத்தவே கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் என்பது தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடியது. தொண்டைத் தொற்று திரும்பி வந்து, கூடவே அந்தக் காய்ச்சலும் வந்தால் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்கிற எந்த வீடியோவையும் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள், பேசுகிறவர் யாராக இருந்தாலும் சரி.

நல்ல வீடியோவை எப்படிக் கண்டுபிடிப்பது? (குன்னூர்)

எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேசுகிறவர் குழந்தை இதய மருத்துவரா, எந்த வருடத்து வீடியோ, கடைசியில் பொடியோ லேகியமோ விற்கிறாரா என்று பாருங்கள். தெரிந்த டாக்டரின் முகத்தையும் குரலையும் ஏஐயில் போலியாகச் செய்து மருந்து விற்கிறார்கள், அதனால் முகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பல லட்சம் ஆகும் என்று வீடியோவில் பார்த்துப் பயந்துவிட்டோம். தேயிலைத் தோட்ட வேலைதான் எங்களுக்கு. (மஞ்சூர்)

பயந்து தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்களுக்கு இடம் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் காட்டினால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். விவரம் கேட்க 104க்குப் போன் செய்யுங்கள். எக்கோ ரிப்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் கையில் எடுத்துவையுங்கள்.