பேரன் படித்துச் சொல்வான்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் தொடர்பியலில் முனைவர் பட்டம் செய்கிறேன். ஏற்காடு மலைக் கிராமங்களில் வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. 384 பேர் வேண்டும் என்றார்கள். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் நேரில் போய் 210 பேரிடம் வாங்கினேன், மீதி 174ஐக் கல்லூரி நண்பர்களுக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி நிரப்பினேன். இப்போது ஒரு தியரி போடு என்கிறார் கைடு. சீனியர்கள் போடுகிற பயன்பாடு–மனநிறைவுக் கோட்பாட்டையே போட்டுவிடலாமா? ஒரு பாட்டி, “ஃபோன் பேரன்கிட்ட இருக்கு கண்ணு, அவந்தான் படிச்சுச் சொல்லுவான்” என்றார். ‘பயன்படுத்துவதில்லை’ என்று டிக் செய்தேன். அது உறுத்துகிறது.

ச., அஸ்தம்பட்டி

அன்புள்ள ச.,

உறுத்தியது நல்லது. உங்கள் ஆய்வே அந்தப் பாட்டியிடம்தான் இருக்கிறது.

முதலில் அந்த 174ஐ எடுத்துவிடுங்கள். சேலம் ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பியவர் மலைக் கிராமத்து ஆள் ஆகிவிட மாட்டார். 384 என்பது 1970இல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையில் இருக்கும் எண். மக்கள்தொகை லட்சமானாலும் பத்து லட்சமானாலும் 384 போதும் என்கிறது, ஆனால் அத்தனை பேரும் மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்தவர்களாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஐந்து சதவீதம் முன்பின்னாகக் கணக்கு நிற்கும். கைக்குக் கிடைத்தவர்களை வைத்து நிரப்பினால் கூட்டுத்தொகை மட்டும்தான் சரியாக வரும். 210ஐ 210 என்றே எழுதுங்கள். யாரை, எந்த நேரத்தில், எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

சரி, கோட்பாடு. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்காமல், மக்கள் எந்தத் தேவைக்காக ஊடகத்தைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்பதுதான் பயன்பாடு–மனநிறைவு, நல்ல கோட்பாடுதான். 1940களில் ஹெர்ட்டா ஹெர்சாக் என்ற ஆய்வாளர் வானொலித் தொடர் கேட்கும் பெண்களிடம் இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்தாரே, அதெல்லாம் அதன் வேர். ஆனால் அது மனதில் வைத்திருப்பது தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, தானே தேர்ந்தெடுத்து, தானே பார்க்கும் ஓர் ஆளை. வீட்டுக்கே ஒரு ஃபோன், அதுவும் பையனின் சட்டைப் பையில் என்றால் அந்த ஆள் யார்?

1940 அமெரிக்கத் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒஹாயோவின் ஈரி கவுண்டியில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பத்திரிகையும் வானொலியும் ஓட்டை மாற்றுகின்றனவா என்று அறியப் போனவர்களிடம், மக்கள் அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதைத்தான் அதிகம் சொன்னார்கள். எதிர்பாராத அந்தப் பதிலிலிருந்து பிறந்ததுதான் இரண்டு படிப் பரவல்: ஊடகத்திலிருந்து விவரமான சிலருக்கு, அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு. அதைக் கண்டுபிடித்ததும் சர்வேதான், ஆகவே எண்ணுவதை விட்டுவிடச் சொல்லவில்லை நான்.

ஆனால் இதையும் அப்படியே தூக்கி ஒட்டாதீர்கள். ஈரியில் முதல் படியில் நின்றவர்களிடம் மற்றவர்கள் யோசனை கேட்டார்கள். உங்கள் மலையில் அங்கே நிற்பது பள்ளிக்கூடம் போகிற பையன், மூலிகையும் பத்தியமும் அவனைவிடப் பாட்டிக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். படித்துச் சொல்கிறவன் ஒருவன், நம்பலாமா என்று முடிவெடுப்பவர் இன்னொருவர். கோட்பாடு இங்கேதான் இடிக்கிறது. இடிக்கிற இடத்தை மறைக்காமல் எழுதினால் அதுவே ஆய்வேடு, கோட்பாட்டின் பெயரை இரண்டாம் அத்தியாயத்தில் போட்டுவிட்டு அப்புறம் மறந்துபோவது ஆய்வேடு இல்லை.

அதற்கு வினாத்தாள் மட்டும் போதாது. 1975–76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியபோது (தமிழ்நாடு அதில் இல்லை) இஸ்ரோ சர்வேயோடு நிற்காமல் மானிடவியலாளர்களைக் கிராமங்களிலேயே தங்க வைத்தது. உங்களால் அவ்வளவு முடியாது, பத்து வீடுகள் போதும். சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரத்தில் போங்கள், காப்பி கொடுத்தால் குடியுங்கள், நோட்டை உடனே எடுக்காதீர்கள். ‘பயன்படுத்துவதில்லை’ என்று டிக் செய்த மற்றவர்களையும் திரும்பப் பாருங்கள், அவர்களில் எத்தனை பேருக்கு யாரோ படித்துச் சொல்கிறார்களோ.

அந்தப் பையனையும் தனியாகக் கேளுங்கள். பாட்டிக்கு எதைப் படித்துச் சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான், ஏன் விட்டான்.